ஒரு சாண் தண்ணீர்

அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குப் போக எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: பறவை பார்க்கவா, படகு விடவா? இரண்டுக்கும்தான் என்பார்கள். அங்கேதான் சிக்கல். படகுக்குத் தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், பறவைக்கு அது குறைய வேண்டும். நவம்பரில் போனால் கேனு என்கிற துடுப்புப் படகு வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும். மார்ச் கடைசியில் போனால் ஒரே குட்டையில் ஏழெட்டு வகைக் கொக்கும் நாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கும், படகின் அடிவயிறு சேற்றில் உரசும். என் மனைவி படகுக் கட்சி, நான் பறவைக் கட்சி. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை என்று வீட்டில் ஒரு சமரசம் ஏற்பட்டிருக்கிறது. இருவருக்கும் அரைகுறைத் திருப்தி தருகிற சமரசம்தான்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். பறவை என்றால் மழையோடு வருவது என்றுதான் சின்ன வயதிலிருந்தே மண்டையில் பதிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, வேடந்தாங்கல் ஏரி நிறைந்து, உள்ளே நிற்கும் மரங்கள் இடுப்பளவு முங்கினால்தான் அங்கே பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். புளோரிடாவின் தென்முனையில் மழைக்காலம் மே மாதம் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முடிகிறது. அப்போதெல்லாம் நாரைக்கு அங்கே வேலை இல்லை. மழை நின்று, தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகே அவற்றின் பருவம் பிறக்கிறது.

காரணம் நிலத்தின் அமைப்பு. ஒகிச்சோபி ஏரியிலிருந்து தெற்கே புளோரிடா விரிகுடா வரை ஏறக்குறைய நூறு மைல். இந்தத் தூரம் முழுவதும் மைலுக்கு இரண்டு அங்குலம்தான் சரிவு. லேசாகச் சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தில் ஊற்றின தண்ணீரைப்போல, ஐம்பது அறுபது மைல் அகலத்துக்குப் பரவி, கணுக்காலிலிருந்து இடுப்பு வரையான ஆழத்தில், சுண்ணாம்புப் பாறை மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்த ஒரு நதி இது. ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. மேலே சாகிராஸ் என்கிற கோரை ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்பதால் நதி என்றே தோன்றாது. அந்தக் கோரையின் ஓரத்தில் ரம்பப் பல் உண்டு, கையை வைத்தால் கீறிவிடும்.

1947 டிசம்பர் 6ஆம் தேதி அதிபர் ட்ரூமன் இதைத் தேசியப் பூங்காவாகத் திறந்துவைத்தார். இப்போது அதன் பரப்பு பதினைந்து லட்சம் ஏக்கர். அதற்கு முன்னால் அமெரிக்கத் தேசியப் பூங்கா என்றால் மலை, அருவி, பனிச்சிகரம் என்று புகைப்படத்துக்கு நிற்கும் இடங்கள்தாம். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ஹோம்ஸ்டெட் பக்கத்து வாசலிலிருந்து தெற்குக் கரையில் இருக்கும் ஃபிளமிங்கோ வரை போகிற 38 மைல் சாலையில் 'ராக் ரீஃப் கணவாய், உயரம் 3 அடி' என்று ஒரு பலகை இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று சிரித்தபடி படம் எடுக்கிறார்கள். ஆனால் பலகையில் பொய் ஒன்றுமில்லை. இந்த ஊரில் மூன்றடி பெரிய உயரம்தான். அரையடி பள்ளம் என்றால் கோரைச் சதுப்பு, ஓரடி மேடு என்றால் பைன் மரக்காடு, அதற்கும் கொஞ்சம் மேலே போனால் மஹோகனி நிற்கிற அடர்ந்த சோலை. மலையில் ஆயிரம் அடிக்கு ஒரு தரம் மாறுகிற காடு இங்கே முழத்துக்கு முழம் மாறுகிறது.

சரி, முதலில் படகு.

நாங்கள் அதிகம் போவது நைன் மைல் பாண்ட். பழைய பார்வையாளர் மையம் கூட் பே குளத்தருகே இருந்த காலத்தில் அங்கிருந்து ஒன்பது மைல் என்பதால் வந்த பெயர். மையம் இடம் மாறிவிட்டது, பெயர் தங்கிவிட்டது. காரை நிறுத்திய இடத்திலேயே கேனுவை இறக்கலாம். ஐந்து மைல் சுற்று. வழி நெடுக எண் போட்ட வெள்ளைக் குழாய்கள் நட்டிருக்கிறார்கள். அவற்றைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாது. அலையாத்திப் புதர்களும் கோரையும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு குன்றோ கோபுரமோ கிடையாது.

முதல் அரை மைல் திறந்த குளம். காற்றடித்தால் கேனுவின் மூக்கு திரும்பிக்கொண்டே இருக்கும், துடுப்பை வேகமாகப் போட வேண்டும். அதைத் தாண்டியதும் வழி ஒடுங்கி அலையாத்திக்குள் நுழைகிறது. இடுப்புயரமே இருக்கும் சிவப்பு அலையாத்தி. சத்துக் குறைந்த சுண்ணாம்புத் தரையில் எத்தனை வருஷம் ஆனாலும் அதற்குமேல் உயராத குட்டை மரங்கள். அவற்றின் முட்டுவேர்களுக்கு இடையே கேனு போகிற அளவு சந்து. கிளைகளில் ஒட்டுச் செடிகள். அப்புறம் திடீரென்று புல்வெளி. தண்ணீர் ஓரடிக்குள்தான். கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். அடியில் பழுப்பும் மஞ்சளுமாகப் பஞ்சுபோல் ஒன்று மிதக்கும். பெரிஃபைட்டான் என்று சொல்கிறார்கள். பாசி, நுண்ணுயிர்கள், சுண்ணாம்பு எல்லாம் கலந்து பின்னிய மெத்தை. பார்க்க அழுக்குபோல இருக்கும். ஆனால் இந்தச் சதுப்பின் சாப்பாட்டுச் சங்கிலி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. புழுவும் நத்தையும் இறாலும் சின்ன மீனும் அதை உண்கின்றன, அவற்றைக் கொக்கு உண்கிறது. வடக்கே வயல்களிலிருந்து உர நீர் வந்து பாஸ்பரஸ் கொஞ்சம் கூடினாலும் போதும், இந்த மெத்தை சிதைந்து, கோரை ஒடுங்கி, அந்த இடத்தைச் சம்புப் புல் பிடித்துக்கொள்ளும். சம்பு நெருக்கமாக வளர்ந்த இடத்தில் கொக்கு இறங்கக்கூட இடம் இருக்காது.

படகிலிருந்து பறவை பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு, உட்காரும் உயரம். நடைபாதையில் நின்றால் பறவையைக் குனிந்து பார்க்கிறோம். கேனுவில் நம் கண்ணும் கொக்கின் முட்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பத்து மடங்கு பைனாகுலரை வீட்டில் வைத்துவிட்டு எட்டு மடங்கு எடுத்துப் போவது நல்லது. படகு ஆடுகிற ஆட்டத்தில் பத்து மடங்கில் எதுவும் நிலையாக நிற்காது. முக்கியமாக, துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுப் படகைத் தானாக மிதக்க விட வேண்டும். பெரிய பறவைகளுக்கு அலையைவிட வீசுகிற கைதான் பயம். மேய்ந்துகொண்டிருக்கும் கொக்கு கழுத்தை நிமிர்த்தி நம்மைப் பார்த்தால், போதுமான அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

பச்சைக் கொக்கு ஒன்று வேரின் மேல் குந்தி, பூச்சியையோ இறகையோ தண்ணீரில் போட்டு, மோப்பம் பார்க்க வரும் மீனைக் கவ்வும் என்று படித்திருக்கிறேன். நேரில் இன்னும் வாய்க்கவில்லை. மூவண்ணக் கொக்கு ஓடி ஓடி விரட்டும். சின்ன வெள்ளைக் கொக்கு தன் மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பும். பெரிய நீலக் கொக்கு எதுவும் செய்யாது. நின்ற இடத்திலேயே நிற்கும், நாம் அலுத்துக் கிளம்பிய பிறகு பிடிக்கும். அலிகேட்டர் என்கிற முதலை வகை பற்றிக் கேட்காத விருந்தாளி இல்லை. இருக்கிறது. தண்ணீரில் இரண்டு மேடு தெரியும், நெருங்கினால் அமிழ்ந்துவிடும். வழியை மறித்துப் படுத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான், சந்தில் ஒதுங்கிப் போக இடம் இருக்காது. குஞ்சுகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் தாய் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் விவாதமே வேண்டாம், பின்னால் வந்துவிட வேண்டும்.

பறவைக் கட்சிக்கு வருகிறேன்.

டிசம்பர் தாண்டி வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கும்போது, மழைக்காலம் முழுக்கப் புல்வெளியில் பெருகிய மீன்களெல்லாம் பள்ளங்களுக்கு ஒதுங்குகின்றன. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியிருந்தது சில குட்டைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் குட்டைகளில் பல, அலிகேட்டர் வாலாலும் மூக்காலும் தோண்டி வைத்தவை. கொக்கு வகைகளுக்கு இதுதான் அறுவடை. சின்னக் கொக்குக்கு அரையடித் தண்ணீர், பெரிய வெண்கொக்குக்கு ஓரடிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலே போனால் கால் எட்டாது. நான் ஒரு சாண் என்று மனதில் வைத்திருக்கிறேன். ஒரு சாண் தண்ணீர் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பறவையைத் தேட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை அதிகம் நம்பியிருப்பது மரநாரை. நம் மஞ்சள்மூக்கு நாரையின் நெருங்கிய உறவு, அதே இனக்குழு. வழுக்கைத் தலை, சுருங்கிய கறுத்த தோல், அழகில் நம்முடையதற்குப் பக்கத்தில்கூட வராது. அது கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகைக் கலங்கிய தண்ணீரில் விட்டு நடக்கும். மீன் அலகில் பட்டால் போதும், ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் மூடிக்கொள்ளும். இப்படிப் பிடிப்பதற்கு மீன் நெருக்கமாக இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் பரந்து கிடந்தால் நாள் முழுக்க நடந்தாலும் அலகில் ஒன்றும் படாது. அதனால்தான் அது தண்ணீர் வடிவதைப் பார்த்துக் கூடு கட்டுகிறது. வடிந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெருமழை வந்து மட்டம் ஏறிவிட்டால் மீன் மறுபடி சிதறிவிடும். முட்டையையும் குஞ்சையும் அப்படியே விட்டுவிட்டு நாரைகள் கூட்டமாகக் கிளம்பிவிடும். பிப்ரவரியில் மழை பெய்தால் மயாமிக்காரர்கள் வெயில் தணிந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அன்றைக்கு வானிலைச் செய்தி பார்க்கவே பிடிப்பதில்லை.

எல்லாருக்கும் வடிய வேண்டும் என்பதும் இல்லை. நத்தைப் பருந்துக்கு நேர் எதிர். அதன் சாப்பாடு ஆப்பிள் நத்தை மட்டுமே என்று சொல்லிவிடலாம். வளைந்த அலகு ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுக்கவே அமைந்தது. தரை காய்ந்தால் நத்தை போய்விடும், பருந்துக்குப் பட்டினி. அதன் எண்ணிக்கை மோசமாகச் சரிந்திருந்த நேரத்தில் தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய வேறொரு பெரிய நத்தைதான் அதைக் காப்பாற்றியது. கோரைத் தண்டில் அடர்ந்த ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை தெரிந்தால் அது அந்த அந்நிய நத்தையுடையது. உள்ளூர் நத்தையின் முட்டை வெளிறியிருக்கும். பெரிய நத்தையைத் தின்னத் தொடங்கிய சில தலைமுறைகளிலேயே பருந்துகளின் அலகு பெரிதாகி வருவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்நிய இனம் என்றாலே கேடு என்று பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் தர்மசங்கடம்.

அம்மா வந்திருந்தபோது கேனுவில் ஏற மறுத்துவிட்டார். ராயல் பாம் பகுதியில் இருக்கும் அன்ஹிங்கா நடைபாதைக்கு அழைத்துப் போனோம். முக்கால் மைல்தான், பாதி தூரம் மரப்பாலம், முழங்கால் வலிக்காரர்களுக்கும் சரி. காரிலிருந்து இறங்கியவுடனே வேடிக்கை தொடங்கிவிடும். அங்கே கருங்கழுகுகள் கார்களின் கண்ணாடி துடைப்பான், கதவோரத்து ரப்பர் எல்லாவற்றையும் பிய்த்துவிடும். அதனால் பூங்காக்காரர்களே தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள், வண்டியைப் போர்த்திக் கட்டிவிட்டுப் போகலாம். அம்மா பாயைப் பிடித்துக்கொண்டு, "காருக்குப் புடவை கட்டுறீங்களாடா?" என்றார். உள்ளே போனதும் அன்ஹிங்கா ஒன்று கிளையில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம ஏரியில இருக்கிற பாம்புத்தாராதானே?" அவர் சொன்னது ஏறத்தாழ சரி. இரண்டும் ஒரே இனக்குழு. இறகில் நீர் ஒட்டாமல் தடுக்கும் வழி குறைவு, ஊறிவிடும். அதனால்தான் எளிதாக முங்கி, கூரிய அலகால் மீனைக் குத்தி எடுக்க முடிகிறது. வெளியே வந்தால் உலர்த்தியே ஆக வேண்டும். பெரிய வெண்கொக்கு, வக்கா, விராலடிப்பான் மூன்றும் வெறும் உறவு இல்லை, நம் ஊரில் இருக்கும் அதே பறவைகள்தாம். உண்ணிக்கொக்கு இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து தானாகவே அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்னமெரிக்காவுக்கு வந்து, அங்கிருந்து 1940களில் புளோரிடாவை எட்டியது. யாரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை.

அம்மா உண்மையில் வியந்தது அலிகேட்டரைப் பார்த்து. கொக்குக் கூடுகளுக்கு நேர் கீழே அவை படுத்திருந்தன. குஞ்சைத் தின்னக் காத்திருக்கிறது என்றார். உண்மைதான், தவறி விழுவதைத் தின்னும். ஆனால் அதன் பயத்தில்தான் மரமேறிக் கூட்டைத் திருடும் ரக்கூன் என்கிற விலங்கு அந்த மரத்தில் ஏறாது. ஒரு ரக்கூன் ஏறினால் ஒரே இரவில் கூடுகள் காலி. விழும் குஞ்சு காவல்காரனுக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். வேடந்தாங்கலில் மரத்தைச் சுற்றிய தண்ணீர் செய்யும் வேலையை இங்கே தண்ணீரும் முதலையும் சேர்ந்து செய்கின்றன.

மனிதனிடமிருந்து காக்க அப்படி ஒரு காவல் நெடுநாள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெண்கள் தொப்பியில் கொக்கின் தூவி செருகுவது நாகரிகம். எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலை போனது. அந்தத் தூவி இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே முதுகில் வளரும். அதனால் வேட்டைக்காரர்கள் கூடு கட்டிய காலமாகப் பார்த்து வருவார்கள். குஞ்சை விட்டுத் தாய் நகராது, சுடுவது எளிது. தாயைச் சுட்டுத் தூவியை உரித்த பிறகு குஞ்சுகள் வெயிலில் செத்துப்போகும். ஒரு தலைமுறையே போய்விடும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஃபிளமிங்கோவில் கை பிராட்லி (Guy Bradley) என்பவர் வசித்தார். இளவயதில் அவரும் தூவிக்காகச் சுட்டவர்தான். 1902இல் பறவைகளைக் காக்கும் காவலராக வேலைக்குச் சேர்ந்தார். கையில் ஒரு துப்பாக்கி, ஒரு படகு, காவல் காக்க வேண்டிய இடமோ தென்புளோரிடாவின் பெரும்பகுதி. 1905 ஜூலை 8ஆம் தேதி விரிகுடாவில் ஒரு தீவுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் படகை எடுத்துக்கொண்டு போனார். அங்கே சுட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து வீட்டு ஆட்கள், வால்ட்டர் ஸ்மித்தும் அவர் மகன்களும். ஸ்மித் அவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார், வழக்கு விசாரணைக்கே போகவில்லை. ஆனால் அந்தச் சாவு நாடெங்கும் பேசப்பட்டது. 1910இல் நியூயார்க் மாநிலம் தூவி விற்பனையைத் தடை செய்தது, 1918இல் வலசைப் பறவைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஃபிளமிங்கோவில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். அதன் வாசலிலிருந்தே விரிகுடா தெரியும்.

தூவிச் சட்டத்துக்குப் பிறகு கொக்குகள் மெல்ல மீண்டன. அப்புறம் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது கொலைக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. 1928இல் ஒகிச்சோபி ஏரி புயலில் உடைந்து இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகு ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பினார்கள். அதே 1928இல் டாமியாமி டிரெயில் என்கிற நெடுஞ்சாலை எவர்கிளேட்ஸைக் குறுக்கே வெட்டி முடிந்தது. நதி முழுவதற்கும் குறுக்கே ஓர் அணை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 1948க்குப் பிறகு கால்வாய், மதகு, பம்ப் என்று பெரிய திட்டம். தெற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கேயும் மேற்கேயும் கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரிக்குத் தெற்கே கரும்பு வந்தது, கிழக்கே நகரங்கள் வந்தன. பழைய எவர்கிளேட்ஸில் பாதி போய்விட்டது. மீந்த பாதியிலும் தண்ணீர் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. ஒரு காலத்தில் நவம்பர், டிசம்பரில் கூடு கட்டிய மரநாரை இப்போது ஜனவரி, பிப்ரவரி என்று தள்ளிப்போடுகிறது. குஞ்சு பறக்கக் கற்பதற்குள் மே மாத மழை வந்துவிடுகிறது.

கரும்பு முதலாளிகளையும் நகரங்களையும் மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் ஃபோர்ட் லாடர்டேல் பக்கத்துப் பகுதியும் கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கிய நிலம்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் அன்ஹிங்கா காயப்போட்ட இறக்கையோடு உட்காரும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் பெரிய மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மெதுவாகத்தான் நகர்கிறது. டாமியாமி சாலையில் 2013இல் ஒரு மைல் நீளத்துக்குப் பாலம் கட்டி, அடியில் தண்ணீர் போக வழி விட்டார்கள். 2019இல் மேலும் இரண்டு மைலுக்கு மேல். இந்தப் பாலங்களின் மேல் எல்லாரும் அறுபது மைல் வேகத்தில் போகிறார்கள், கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கு அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைக்கும் பழக்கம். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார்.

தண்ணீர் சரியாக வந்தால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. முந்தைய ஆண்டு கனமழை, செப்டம்பரில் இர்மா புயல். சதுப்பு விளிம்பு வரை நிறைந்தது. பிறகு குளிர்காலம் முழுக்கத் தடங்கலில்லாமல் வடிந்தது. தென்புளோரிடாவில் அந்தப் பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள், பல பத்தாண்டுகளில் யாரும் காணாதது. பெரும்பாலும் வெள்ளை அரிவாள்மூக்கன்கள். அந்த வருஷம் எங்கள் சமரசம் செல்லுபடியாகவில்லை. பிப்ரவரி முடிந்தும் என் மனைவியே காரை எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைப்பாம்பு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செல்லப் பிராணி வியாபாரத்தில் வந்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பில் பெருகிவிட்டன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பூங்காவின் தென்பகுதியில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. கூட்டுத் திருடன் குறைந்தான் என்று பறவைக்காரர்கள் மகிழ முடியாது, பாம்பின் வயிற்றில் மரநாரையின் மிச்சமும் கிடைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தப் பாம்பைப் பிடிக்க எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரைப் புளோரிடாப் பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்குத் துறையும் வரவழைத்தார்கள், மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் 16 அடிப் பெண் பாம்பு ஒன்று. இங்கே சாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் வண்டியில் சுற்றிக்கொண்டிருந்த வேட்டைக்காரர்களுக்கு நடுவே இவர்கள் தரையில் தடம் பார்த்து நடந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புகள் ஒழிந்தன என்று சொல்ல முடியாது. பதினைந்து லட்சம் ஏக்கரில் இரண்டு பேர் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த வாரங்களில் மட்டும் அலுவலகத்தில் எல்லாரும் என்னிடம் வந்து உங்கள் ஊர் ஆட்களாமே என்று விசாரித்தார்கள். எனக்குப் பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் பழக்கம் என்பதை நான் சொல்லவில்லை.

சாலை முடிகிற இடம் ஃபிளமிங்கோ. ஃபிளமிங்கோ என்றால் பூநாரை. பெயர்தான் அப்படி, பூநாரை பார்ப்பது அதிர்ஷ்டம். 2023 ஆகஸ்டில் இடாலியா புயல் ஒரு கூட்டத்தை அடித்துக்கொண்டு வந்து மாநிலமெங்கும் இறக்கியபோது பறவைக்காரர்கள் விடுப்புப் போட்டுவிட்டு அலைந்தார்கள். இங்கே படகுத்துறையில் ஒரு பக்கம் குரோக்கடைல் என்கிற இன்னொரு முதலை வகை வெயில் காயும், இன்னொரு பக்கம் கடற்பசு குழாய்த் தண்ணீருக்கு மூக்கை நீட்டும். அலிகேட்டரும் குரோக்கடைலும் சேர்ந்து வாழும் ஒரே ஊர் தென்புளோரிடாதான். கோடையில் மட்டும் இந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். பார்வையாளர் மையத்தில் கொசுவின் அளவைக் காட்ட ஒரு விளையாட்டு மானி வைத்திருப்பார்கள், ஜூலையில் அதன் முள் விளையாடுவதில்லை.

விரிகுடாவில் கயாக் விட்டால் ஆழக் கணக்கு வேறு. இங்கே மழையைவிட ஓதமும் காற்றும்தான் மட்டத்தை முடிவு செய்கின்றன. துணைவெப்பமண்டலம் என்பதால் குளிர் வராது என்று எண்ணக் கூடாது. வடக்கிலிருந்து குளிரலை இறங்கும், 2010 ஜனவரியில் வந்ததில் குரோக்கடைல்களும் கடற்பசுக்களும் செத்து மிதந்தன. அப்படி வடகாற்று அடிக்கும் நாளில் விரிகுடாத் தண்ணீரே தெற்கே தள்ளப்பட்டு, ஸ்னேக் பைட் (Snake Bight) என்கிற உள்வளைவுப் பக்கம் மைல் கணக்கில் சேறு வெளியே வந்துவிடும். உள்ளே கயாக்கோடு மாட்டினால் ஓதம் ஏறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறங்கி நடக்கலாம் என்றால் கால் தொடை வரை போகும். ஆனால் பறவைக்கு அந்தச் சேறுதான் பந்தி. வெள்ளைக் கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஓரத்துக்கு ஓட்டும். செங்கொக்கு இறக்கையைக் குடையாகக் கவிழ்த்துக் குடித்தவன்போல் தள்ளாடித் தள்ளாடி ஓடிக் குத்தும். ரோஸ் நிறக் கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக வீசி நடக்கும். மனைவி கரையோரமாகவே ஆழம் உள்ள இடத்தில் கயாக்கை நிறுத்திக்கொண்டு, "இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் திரும்பணும்" என்பார். தண்ணீர் இறங்குவதை அவர்தான் கவனிப்பார்.

கரண்டிவாயனைப் பார்க்க இப்போதெல்லாம் விரிகுடாவுக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைந்துவருகிறது, அது நல்ல செய்தி இல்லை. கூடு கட்டுவதற்கு விரிகுடாத் தீவுகளும், குஞ்சுக்கு மீன் கொண்டுவர அதையொட்டிய ஆழமற்ற கரையோரச் சதுப்பும் வேண்டும். கடல் மட்டம் உயர உயர அந்தச் சதுப்பு குளிர்காலத்திலும் வடிவதில்லை. மீன் ஒதுங்குவதில்லை. ஒரு சாண்கூட இல்லை, அதில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றாலே அதற்குக் கஷ்டம். தீவுகளில் கூடுகள் குறைந்து, பறவைகள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. நைன் மைல் பாண்டுக்குக் கொஞ்சம் வடக்கே பரோட்டிஸ் குளத்தில், மரநாரைகளோடு சேர்ந்து இப்போது அவையும் கட்டுகின்றன. கூடு கட்டும் மாதங்களில் அங்கே படகு இறக்க அனுமதி கிடையாது. கேனுவைக் காரின் மேலேயே கட்டிவைத்துவிட்டுக் கரையில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். படகுக் கட்சிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.